கெட்ஜ்

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
பதினோரு வருஷமாக மொழிபெயர்க்கிறேன்.
என் கைக்கு அடங்காமல் போன வினைச்சொற்கள் மூன்று.
இது நாலாவது.

துறைமுகக் குறிப்பேட்டின் நகல், பதினேழாம் பக்கம்.
யூரியா ஏற்றிய பார்ஜ்
முகத்துவாரத்து மணல் திட்டில் தட்டி நின்ற ராத்திரி.
நனைந்த தாளில் ஏஜெண்ட் ஆபீஸ் கிளார்க்கின்
சாய்ந்த ஆங்கிலம்:
கெட்ஜ்டு.

அப்படி ஒரு வார்த்தையே கிடையாதுக்கா,
கம்ப்யூட்டரும் இல்லேங்குது,
திருத்திட்டேன் என்றாள் ஹெப்சிபா.
திருத்தி அடித்திருந்தாள்: வெட்ஜ்டு.

ஒரே ஒரு எழுத்து.
முதலாவது, தன்னைத்தானே இழுத்துக்கொண்டு விடுபட்டது.
இரண்டாவது, ஆப்பு மாதிரி சிக்கிக்கொண்டது.
காப்பீட்டுக் கம்பெனி இரண்டாவதைக்
கெட்டியாகப் பிடித்துக்கொண்டது:
சிக்கினீர்கள், சும்மா இருந்தீர்கள்,
முந்நூற்று நாற்பது மூட்டை உரம்
உப்பனாற்றில் கரைகிற வரைக்கும்.

கூண்டில் ஏறிய சராங்கு தேசிங்கு
சும்மா என்ற சொல்லுக்கு மட்டும் கோபப்பட்டார்.
"சும்மாவா?
சின்ன நங்கூரத்த தோணில ஏத்தி
அறுபது பாகம் முன்னால கொண்டுபோயி
ஆழத்துல போட்டோம்.
பார்ஜுல இருந்தவன் எல்லாம் கயித்தச் சுத்துனோம்.
நங்கூரம் வரலீங்க.
பார்ஜு வந்துச்சு.
கயிறு தீந்ததும் பிடுங்கி
மறுபடி முன்னால கொண்டுபோயிப் போட்டோம்.
விடியறதுக்குள்ள ஏழு தடவ."

இதற்கு உங்களிடம் என்ன பேர் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.
"பேரு வைக்க அப்ப நேரமில்லீங்க."

அகராதியில் இருந்தது அது.
'கப்பல்; அருகிய வழக்கு' என்று பொடி எழுத்தில்.
கப்பலை கெட்ஜ் செய்யலாம்,
கப்பலே கெட்ஜ் ஆகலாம்:
தன்வினைக்கும் பிறவினைக்கும் அங்கே ஒரே உடம்பு.
காற்று இல்லாதபோது, இன்ஜின் இல்லாதபோது,
இழுத்துவிட யாரும் வராதபோது
மட்டும் செல்லும் வினை.

தமிழில் எழுதிப் பார்த்தேன்.
இழுத்தனர். யாரை?
நகர்த்தினர். நாற்காலியையா?
ஊர்ந்தனர் என்றால் நண்டு வந்து நிற்கிறது.
நங்கூரமிட்டு நகர்ந்தனர் என்று எழுதி
நானே அடித்தேன்.
படிக்கிற எவருக்கும் அது பிழையாகத்தான் தெரியும்.
நங்கூரம் என்றால் நிற்பது என்று
நமக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

செம்மண்டலத்தில் ரெண்டரை சென்ட் மனைக்கு
முன்பணம் கொடுத்தபோது என்னிடம்
அடுத்த மாத வாடகைக்கே வழியில்லை.
எங்கேயோ முன்னால், கண்ணுக்குத் தெரியாத சேற்றில்
ஒன்றைப் போட்டுவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.
ஐந்தாம் தேதி தவணை.
ஐந்தாம் தேதி தவணை.
மனை ஒரு அங்குலமும் என் பக்கம் வரவில்லை.
வாடகை வீட்டிலிருந்து
என் அம்மிக்கல், என் புத்தகப்பெட்டி, நான்,
எல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம்.
அந்த நாலு வருஷத்துக்குப் பேர் கேட்டிருந்தால்
நானும் தேசிங்கு சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன்.

கடைசியில் பதினாறு சொல்லில் எழுதிக் கொடுத்தேன்:
'சிறு நங்கூரத்தைத் தோணியில் முன்னே கொண்டுசென்று போட்டு,
அதன் கயிற்றைச் சுற்றிச் சுற்றி, படகைத் தாங்களே அதனிடம்
கொண்டுசேர்த்தனர்.'
ஒரு வார்த்தை இல்லையா அம்மா என்றார் நீதிபதி.
இல்லை அய்யா என்றேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.
வாய்தா, இருபத்தி மூன்றாம் தேதிக்கு.

ஹெப்சிபா பழைய பக்கத்தைத் திறந்து
வெட்ஜ்டை அழித்தாள்.
கே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள்.
கம்ப்யூட்டர் இன்னமும் ஒத்துக்கொள்ளவில்லை.
சொல்லுக்குக் கீழே சிவப்பாக
ஒரு சின்ன அலை எழுந்து
அப்படியே நின்றது.